அவசரப்படாதீங்க ஆஞ்சப்பன்

தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை வந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லலாம். வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்பு நிலையத்துக்கு போன் போடலாம். ஆனால் ஓசூர் வட்டாரத்தில் வசிக்கும் மூன்றாவது ஓர் உயிரினம் உங்களிடம் வந்துவிட்டால் யாருக்கும் சொல்ல முடியாது. காரணம், அதை டீ வாங்கிக் கொடுத்து வரவழைத்தவரே நீங்கள்தான். "லேப்டாப் வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லதுங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பீர்கள். அவ்வளவு போதும், அது உங்கள் வீட்டு நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

அந்த உயிரினத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'அவசரப்படாதீங்க' அண்ணன்.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. மேசைமேல் ஒரு லேப்டாப்பை வைத்துப் பாருங்கள். சாதாரண மனிதர் மூடியைத் திறப்பார். இவர் கவிழ்ப்பார். கவிழ்த்து, செல்போன் டார்ச்சை அடித்து, அடிப்பக்கத்தில் எறும்பு சைஸில் அச்சடித்திருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்து, நடுவில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடியும் படித்து, பிறகு மெதுவாக நிமிர்ந்து "ம்ம்" என்பார். அந்த 'ம்ம்' ஒன்றிலேயே நீங்கள் ஏமாந்துபோன கதை முழுவதும் வந்துவிடும். அடுத்து ஒரே கேள்வி: "கடைசி எழுத்து என்னான்னு பாத்தீங்களா?"

நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். யார்தான் பார்த்தார்கள்?

லேப்டாப்பின் மூளையான சிப்பில் ஐ-ஃபைவைவிட ஐ-செவன் பெரிது, ஐந்தைவிட ஏழு பெரிது என்று ஒன்றாம் வகுப்பில் படித்ததை நம்பிக் கடைக்குப் போகிறவர்கள் அவருக்குப் பச்சைக் குழந்தைகள். "லேபிளைப் பாத்து ஏமாறாதீங்க" என்று தொடங்குவார். அந்த ஐந்துக்கும் ஏழுக்கும் பின்னால் நீளமாக ஓர் எண் இருக்கிறதாம். அதன் முன்பாதி தலைமுறையாம். கடைசியில் ஓர் எழுத்து இருக்கிறதாம். ஹெச் என்றால் வேகக்காரன், யூ என்றால் பேட்டரியை மிச்சம் பிடிக்கும் சிக்கனக்காரன். ஆகவே, வேகக்கார ஐந்தாம் நம்பர் சிக்கனக்கார ஏழாம் நம்பரை முந்திவிடக் கூடுமாம். இவை எல்லாமே உண்மை என்பதுதான் இதில் தொல்லை. பொய் சொல்கிற ஆளாக இருந்தால் உதறிவிட்டு வரலாம். விஷயம் தெரிந்தவரை என்ன செய்வது?

எனக்கு வாய்த்த மாதிரி உருப்படியின் பெயர் ஆஞ்சப்பன். சிப்காட்டில் கியர்பாக்ஸ் செய்யும் எங்கள் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு, அதாவது கியூசி. நான் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ். சொந்த ஊர் அவருக்குக் கெலமங்கலம். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் "அவசரப்படாதீங்க" சொல்லத் தெரிந்தவர். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. யாருக்காவது ரத்தம் வேண்டும் என்றால் முதல் ஆளாகக் கையை நீட்டுவார். ஆனால் அந்த ரத்தம் ஏற்றும் பாட்டிலைக் கவிழ்த்துப் படிக்காமல் இருப்பாரா என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கற்றை மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். எங்கள் கம்பெனியில் அதற்குப் பெயர் 'ஹோல்ட்'. ஒரு பாகத்தின்மேல் அது ஒட்டியிருந்தால், 'நிறுத்தி வை, தீர்ப்பு வரும்வரை யாரும் தொடாதே' என்று அர்த்தம். ஒட்டிய கியூசிக்காரர் கையாலேயே பிரிக்க வேண்டும். சூப்பர்வைசர் தொட மாட்டார், மேனேஜர் தொட மாட்டார். ஒரு தடவை கம்பெனி முதலாளியே நாற்காலியில் உட்காரப் போய், முதுகுச் சாய்வில் மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே மீட்டிங் நடத்தினார். அப்படிப்பட்ட பழக்கம் எங்களுடையது.

இந்தப் பழக்கத்தை ஆஞ்சப்பன் கம்பெனி கேட்டோடு விட்டுவிட்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. காவேரிப்பட்டினத்தில் இருக்கும் அவர் மாமனார் போன கோடையில் செந்தூரா ஒரு பெட்டி, பெங்களூரா ஒரு பெட்டி என இரண்டு பெட்டி மாம்பழம் அனுப்பினார். வேறு வீடாக இருந்தால் அன்றைக்கே கொட்டைதான் மிஞ்சியிருக்கும். ஆஞ்சப்பன் இரண்டு பெட்டியிலும் ஹோல்ட் ஒட்டினார். தினம் ஒரு பழம் வீதம் எடுத்து நிறம், மணம், அமுக்கினால் எவ்வளவு அமுங்குகிறது என்று குறித்துவந்தார். பதினோராம் நாள் செந்தூராதான் சிறந்தது என்று சந்தேகமில்லாமல் நிரூபணமானது. பன்னிரண்டாம் நாள் இரண்டு பெட்டியையும் அவர் மனைவி ருக்மணி மாட்டுக்குப் போட்டார். மாடு எதையும் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அசெம்பிளி லைனில் ராஜலட்சுமி என்று ஒருவர். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். டிப்ளமோ படித்துவிட்டு, கல்யாணமாகி, கணவர் மாரிமுத்துவோடு ஓசூருக்கு வந்து ஒன்பது வருஷமாக ஒரே இடத்தில் நின்று, ஒரு நாளைக்கு நானூறு தடவை அதே நாலு போல்ட்டை முறுக்குகிறவர். வலது தோள் இரண்டு வருஷமாகத் தகராறு. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை என்று, எங்கள் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் மாரிமுத்து ஒரு நாள் என்னிடம் சொன்னார். இப்படியிருக்க, ஒரு வியாழக்கிழமை நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஏறியது. லைனில் வேலை செய்யும் டிப்ளமோக்காரப் பெண்களில் ஒருவரை டிசைன் பிரிவுக்கு எடுக்கிறார்களாம். கொடுத்திருக்கும் பாகத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாதவர்கள் பெயர் தானாகவே நீங்கிவிடும்.

ராஜலட்சுமிக்கு வரையத் தெரியும். பக்கத்து வீட்டு மணிமேகலையின் லேப்டாப்பை இரவல் வாங்கி இரண்டு வருஷம் கற்றிருந்தார். அந்த மணிமேகலை போன மாதம் வேலையை விட்டுவிட்டு சொந்த ஊரான சிங்காரப்பேட்டைக்கே போய்விட்டார், லேப்டாப்போடு. ஆகவே சொந்தமாக ஒன்று வாங்குவது என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள். அன்று மாலையே பாகலூர் ரோட்டில் சுபாஷின் கம்ப்யூட்டர் கடைக்குப் போய் இரண்டைப் பார்த்தும் வைத்தார்கள். இதுவரை எல்லாம் சரி. மறுநாள் கம்பெனி கேன்டீனில், எதிரில் ஆஞ்சப்பன் உட்கார்ந்திருக்க, மாரிமுத்து வாயைத் திறந்தார்.

"அண்ணே, ரெண்டு லேப்டாப் பாத்து வச்சிருக்கோம். ஒரே கம்பெனி, ஒரே கலரு, வெலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒண்ணுல ஐ-ஃபைவ்னு போட்டுருக்கு, இன்னொண்ணுல ஐ-செவன். எத எடுக்கலாம்ணே?"

மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். தாமதமாகிவிட்டது.

"கடைசி எழுத்து என்னா?" என்றார் ஆஞ்சப்பன்.

"எதுலண்ணே?"

"அதக்கூட பாக்காமயா வந்தீங்க? சரி, அவசரப்படாதீங்க. பத்து நாள் கிட்ட இருக்குதில்ல, என்னாத்துக்கு ஓடணும்? நான் பாத்துட்டு சொல்றன்."

சனிக்கிழமை எக்ஸெல் ஷீட் பிறந்தது. நாற்பத்திரண்டு வரிசை. மூடி எத்தனை டிகிரி திறக்கிறது, ஃபேன் எவ்வளவு சத்தம் போடுகிறது, சார்ஜர் ஒயரின் நீளம் என்ன, லேபிள் ஒட்டியதில் கோணல் உண்டா. திங்கட்கிழமை ராஜலட்சுமி கேட்டபோது, ஒருவர் இந்த இரண்டையும் ஒப்பிட்டு இந்தியில் வீடியோ போட்டிருக்கிறார், அதைப் பார்க்காமல் சொல்வது தப்பு என்றார். செவ்வாய்க்கிழமை டீ நேரம் முழுக்க, ஜார்கண்டிலிருந்து வந்திருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வீடியோவை மொழிபெயர்க்கச் சொன்னார். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வராது. இவருக்கு இந்தி வராது. இருவரும் மிகுந்த திருப்தியோடு எழுந்து போனார்கள். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைத்தெருவுக்கே போய் ஒன்பது கடை ஏறி இறங்கினார். ஒன்பதாவது கடைக்காரர் பொறுமையிழந்து, "பரீ நோடோதேனா சார், தகொள்ளோது இல்வா?" என்று கேட்டாராம். வெறுமனே பார்க்கத்தான் வந்தீர்களா, வாங்குகிற எண்ணமே கிடையாதா என்று பொருள். இதை ஆஞ்சப்பனே எங்களிடம் சொல்லி, "வியாபாரிக்கு நாலெட்ஜ் கிடையாது" என்று வருத்தப்பட்டார். வியாழக்கிழமை, அடுத்த மாதம் புதுத் தலைமுறை வரப்போவதாகச் செய்தி வந்திருப்பதாகவும், கொஞ்சம் பொறுத்தால் என்ன என்றும் கேட்டார்.

அவர் சொல்லாமல் வாங்கிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் எங்கள் கம்பெனியில் வேலை பார்த்ததில்லை. கியூசி சரி என்று சொல்லாமல் லைனைவிட்டு ஒரு போல்ட் நகராது. ஒன்பது வருஷம் அப்படியே பழகிய கை, கடையில் மட்டும் எப்படித் துணியும்? தவிர, ஆஞ்சப்பனைக் கேட்டுவிட்டு அவர் பதிலுக்குக் காத்திராமல் வாங்கினால், பிறகு அந்த லேப்டாப் ஒரு தும்மல் தும்மினாலும் "நான் அப்பவே சொன்னன்" என்ற வார்த்தையை ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டும். கேட்காமலே இருந்திருக்கலாம். கேட்ட பிறகு விமோசனம் இல்லை.

வெள்ளிக்கிழமை ராஜலட்சுமி மறுபடியும் ஆஞ்சப்பன் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அனுப்பணும்லா. இன்னும் நான் ஒரு கோடு கூட போடலண்ணே."

"தெரியுதும்மா. உனுக்காவத்தான் இவ்ளோ பாக்கறன். தப்பான மெஷின்ல நல்ல டிராயிங் வருமா?"

அந்தப் பெண் லைனுக்குத் திரும்பிப் போனார். போகும்போது இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆஞ்சப்பனுக்கும் பாவமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஷீட்டில் இன்னும் ஒரு வரிசை சேர்த்தார்.

சனிக்கிழமை மாலை நேரடிச் சோதனை. ஆஞ்சப்பன் என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்ததால் நானும் சாட்சி. கடையில் ராஜலட்சுமியும் மாரிமுத்துவும் எங்களுக்கு முன்பே வந்து நின்றார்கள். அந்த மாடலில் கடைசியாக இருந்த இரண்டு பீஸையும் சுபாஷ் பெட்டியைப் பிரித்து எடுத்து, வரைகிற சாஃப்ட்வேரையும் ஏற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஆஞ்சப்பன் இரண்டையும் கவிழ்த்தார். படித்தார். "ம்ம்" என்றார். பிறகு பென்டிரைவில் கொண்டுவந்திருந்த பெரிய கியர்பாக்ஸ் டிராயிங் ஒன்றை இரண்டிலும் திறக்கச் சொல்லி, ஒரு கையில் அச்செடுத்த எக்ஸெல் ஷீட்டும் மறு கையில் ஸ்டாப்வாட்சுமாக நின்றார்.

முதல் சுற்றில் ஐ-ஃபைவ் நாற்பத்தொரு விநாடி, ஐ-செவன் ஐம்பத்தெட்டு. ஆஞ்சப்பன் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு. "சொன்னனா இல்லியா? லேபிளைப் பாத்து ஏமாறாதீங்க! கடைசி எழுத்து பேசுது பாருங்க!"

ஒரு சோதனையோடு நிறுத்துகிறவரா அவர்? இரண்டாவது சுற்றில் ஐ-செவன் முந்தியது. பல்பு அணைந்தது. மூன்றாவது சுற்று வைத்தார். மறுபடியும் ஐ-ஃபைவ். அதற்குப் பிறகு எத்தனை சுற்று நடந்தது, எதில் எது முந்தியது என்று நான் எண்ணவில்லை. கடை வாசலில் விற்ற வேர்க்கடலையை எண்ணிக்கொண்டிருந்தேன். சுபாஷ் இரண்டு தடவை கொட்டாவி விட்டார். மாரிமுத்து ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஷீட்டில் பச்சையும் சிவப்பும் மாறி மாறி விழ, ஆஞ்சப்பனின் நெற்றி வியர்த்தது.

"என்னாது இது, ஒரே மெஷினு ஒரு தடவ ஓடுது, ஒரு தடவ நடக்குது? சாஃப்ட்வேர் கோளாறா இருக்குமோ?"

"அண்ணே," என்றார் ராஜலட்சுமி.

"இரும்மா, அவசரப்படாத."

"இல்லண்ணே. ஒயரு எங்க இருக்கோ அதுதாண்ணே ஜெயிக்கி."

எல்லாரும் மேசைக்குப் பின்னால் பார்த்தோம். அந்த மேசைக்கு ஒரே ஒரு பிளக் பாயின்ட். கடையின் மற்றப் பிளக்குகளில் பழுதுக்கு வந்த லேப்டாப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஆகவே, சார்ஜ் குறைந்த லேப்டாப்புக்கு ஒயரை மாட்டுவதும், அடுத்த சுற்றில் அதைப் பிடுங்கி மற்றதில் மாட்டுவதுமாக ஆஞ்சப்பனே மாற்றி மாற்றி மாட்டியிருக்கிறார். ஒயர் மாட்டிய லேப்டாப் முழுப் பலத்தோடு ஓடியிருக்கிறது. பேட்டரியில் இருந்த லேப்டாப் மிச்சம் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறது. ஒன்பது நாள் கடைசி எழுத்தைப் பற்றிப் பேசியவர் கண்ணுக்கு, கையில் பிடித்திருந்த கறுப்பு ஒயர் தெரியவில்லை.

"நாங்க வேலைக்குச் சேந்த அன்னைக்கி நீங்கதானண்ணே கிளாஸ் எடுத்தீங்க," என்றார் ராஜலட்சுமி. கேலியே இல்லாமல், ஞாபகப்படுத்துகிற குரலில். "ரெண்டு பீஸ ஒப்பிடணும்னா ரெண்டுக்கும் கண்டிஷன் ஒண்ணா இருக்கணும்னு. அதுதான் மொத பாடம்னு சொன்னீங்க."

ஆஞ்சப்பனின் காது மடல் சிவந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாவமாக இருந்தது. ஆனால் இந்த இனத்தை லேசில் எடை போடக் கூடாது. அரை நிமிஷத்தில் நிமிர்ந்துவிட்டார்.

"கரெக்ட்டு. அப்ப இதுவரிக்கும் பண்ண டெஸ்ட்டு எதுவும் செல்லாது."

"பக்கத்துக் கடையில எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்குது சார், ரெண்டே நிமிசம், வாங்கினு வந்துடறேன்," என்று சுபாஷ் செருப்பை மாட்டினார்.

"மெஷின் ரெண்டும் சூடாயிருக்குது சுபாஷு. சூட்டுல எடுத்த ரீடிங் செல்லாது. ராத்திரி பூரா ஆறட்டும். நாளைக்கு வெச்சிக்கலாம்."

"நாளைக்கு ஞாயிறு சார். கடை லீவு."

"அப்ப திங்கக்கெழம. அவசரப்படாதீங்க."

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து இரண்டு மஞ்சள் ஸ்டிக்கரை உரித்து, இரண்டு லேப்டாப் மூடியிலும் நடு மத்தியில் ஒவ்வொன்றாக ஒட்டினார். ஹோல்ட். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்த இடத்தில் வந்து நின்றது ராஜலட்சுமியின் வேலை மாற்றம். மாரிமுத்து கையில் இருந்த ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டார். கிளம்பலாம் என்று அர்த்தம். எங்கள் எல்லாருக்குமே அந்த மஞ்சளைப் பார்த்தால் கை பின்னால் போய்விடும். எனக்கும் போனது.

ராஜலட்சுமி நகரவில்லை. இரண்டு லேப்டாப்பையும் திறந்தார். இரண்டு திரையின் மூலையிலும் எதையோ பார்த்தார். ஒன்றை மூடித் தள்ளிவைத்தார். இன்னொன்றை மூடி, அதன்மேல் இருந்த மஞ்சள் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். பிரித்தே விட்டார்! கியூசி அல்லாத ஒரு கை ஹோல்ட் ஸ்டிக்கரைப் பிரித்ததை என் இருபது வருஷ சர்வீஸில் அன்றைக்குத்தான் கண்டேன். மாரிமுத்து போட்ட ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்.

பிரித்த ஸ்டிக்கரை மரியாதையாக ஆஞ்சப்பனின் எக்ஸெல் ஷீட்மேல் ஒட்டிவிட்டு, "இதுக்கு பில்லு போடுங்கண்ணே," என்றார் சுபாஷிடம்.

"எப்படிம்மா முடிவு பண்ண?" ஆஞ்சப்பன் குரலில் கோபத்தைவிட ஆர்வம்தான் அதிகம். "எத வெச்சிப் பாத்த? எந்த எழுத்த?"

"இதுலதாண்ணே சார்ஜ் நெறய இருக்கு," என்றார் ராஜலட்சுமி. "ஷேர் ஆட்டோவுல ஏறுன ஒடனே ஆரம்பிச்சிருவேன்."

ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு டிராயிங் போய்ச் சேர்ந்தது. இப்போது அவர் டிசைன் பிரிவில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். அவர் வரைந்து அனுப்புகிற படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆஞ்சப்பன் பாகங்களைச் சோதிக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. சந்தோஷமாகத்தான் சோதிக்கிறார். என்னிடம் மட்டும் ஒரு நாள் தனியாகச் சொன்னார்: "அந்த இன்னொண்ண எடுத்திருந்தா அஞ்சு இருவதுக்கே முடிச்சிருக்கலாம்."

இவ்வளவும் சொன்ன பிறகு உங்களுக்கு ஒரு கேள்வி எழ வேண்டுமே: ஆஞ்சப்பன் வைத்திருக்கும் லேப்டாப் எது?

ஆஞ்சப்பனிடம் லேப்டாப் கிடையாது. ஏழு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தடவை முடிவுக்கு நெருங்கும்போதும் அடுத்த தலைமுறை வந்துவிடுகிறது. அவர் மகள் ரேவதி கிருஷ்ணகிரியில் காலேஜ் கடைசி வருஷம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அறுபது பக்கத்தையும் செல்போனில் கட்டைவிரலால் அடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண்ணின் விரலை நினைத்தால் எனக்கு இந்தக் கட்டுரையில் அதற்குமேல் சிரிப்பு வரவில்லை. போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆஞ்சப்பன் குளிக்கப் போன நேரம் பார்த்து ருக்மணி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏனுங்க, அந்தப் பொண்ணு ஸ்டிக்கர எந்த மூலையில இருந்து பிச்சா?"

இடது மேல் மூலை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நானும் ஒரு காலத்தில் ஆஞ்சப்பனைக் கேட்டுத்தான் ஐந்து மாதம் காத்திருந்து லேப்டாப் வாங்கினேன். அதில்தான் இதை எழுதுகிறேன். கேட்பவர்கள் இருக்கும்வரை இந்த இனம் அழியாது. அது பரவுவதும் உண்டு, தொட்டால் போதும். உங்களுக்கு ஒட்டவில்லை என்று நம்புகிறீர்களா? நல்லது. ஒரே ஒரு சின்னச் சோதனை வைக்கிறேன்.

ராஜலட்சுமி வாங்கியது ஐ-ஃபைவா, ஐ-செவனா என்று நான் இதுவரை சொல்லவில்லை. இனிமேலும் சொல்லப் போவதில்லை. தோள் வலி நின்றுவிட்டது, இரவில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிப் படுக்கிறார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அது போதும் என்று பக்கத்தைத் திருப்புகிறீர்களா? அல்லது மேலே போய், எந்தச் சுற்றில் எது முந்தியது, கடைசியாக ஒயர் எதில் இருந்திருக்கும் என்று கணக்குப் போடலாம் என்று கை பரபரக்கிறதா?

பரபரத்தால் அவசரப்படாதீர்கள். முதலில் உங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள்.